துவைத்து மடித்து வையுங்கள்

ஆசிரியருக்கு,

நெல்லையில் 2017-ல் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய ‘அன்புச் சுவர்’ அப்புறம் வேறு ஊர்களுக்கும் வந்தது. அந்தச் சுவரில் நமக்குத் தேவைப்படாத துணிமணி, பொருள்களை வைத்துவிட்டு வரலாம். தேவைப்படுபவர் யாரிடமும் கை நீட்டாமல் எடுத்துக்கொள்ளலாம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கள் ஊர்ச் சுவரில் ஒரு சிறுமி பச்சைப் பட்டுப் பாவாடையை இடுப்பில் வைத்து அளவு பார்த்ததைக் கண்டேன். அவள் முகத்தில் அப்படியொரு தீபாவளி! ஆனால் பக்கத்திலேயே ஜிப் போன பேன்ட், ஒற்றைச் செருப்பு, அழுக்குத் துணி. கொடுப்பதைத் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் உடையென்றால் வயதை ஒரு சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள்.

மழைக்காலத்துக்குள் நகராட்சி மேலே தகரக் கூரை போட்டுத் தந்தால் துணிகள் நனையாது.

- வாசகர், தென்காசி