ஐந்து வருடம் பூட்டிய பள்ளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கவைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்போடு அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பாகுபாடு ஒழிந்ததாக உங்கள் கட்டுரை சொன்னது. சரி, தீர்ப்பு வந்தது, அப்புறம்? வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே மாநிலத்தின் ஃபார்ம்வில் மோட்டன் பள்ளியைப் பார்த்தேன். இப்போது அது அருங்காட்சியகம். இடமில்லாமல் தார்த்தாள் கொட்டகைகளில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளி. 1951-இல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி அங்கே வகுப்புப் புறக்கணிப்பு நடத்தினார். அதையொட்டித் தொடுத்த வழக்கும் பிரவுன் வழக்கில் சேர்ந்தது.

இரு இனப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்க மனமில்லாமல், ஃபார்ம்வில் அடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) 1959-இல் அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். பலருக்குப் படிப்பே நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 1964-இல்தான் கதவு திறந்தது. 31 வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். ஐந்து வருட வெற்றுப் பக்கங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை