கடைமடையிலிருந்து ஒரு பதில்

காரைக்கால்

அன்பு நண்பர் வைத்தியநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம். என் முழங்கால் வலி மட்டும் போவதாக இல்லை. அரசலாற்றில் தண்ணீர் ஓடுகிறது, திருநள்ளாறு பக்கம் சம்பா நடவு நடக்கிறது.

கிழக்கு ஐரோப்பாவிலுள்ள மால்டோவா அண்டை நாடான ருமேனியாவோடு இணைந்துவிடுவதே முறை, ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு இரண்டு கொடி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது எளிது. ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடுமாக, உங்கள் தமிழையே பேசிக்கொண்டு வேறோர் ஆட்சியின்கீழ் வாழ்கிற எனக்கு அது அவ்வளவு நேரான கேள்வியாகப் படவில்லை.

நியூஃபவுண்ட்லாந்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றிருந்த அந்தத் தீவு கடன் சுமையால் 1934இல் தன் சட்டமன்றத்தையே மூடிவிட்டு, லண்டன் நியமித்த ஆணையத்திடம் ஆட்சியை ஒப்படைத்தது. 1948இல் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்து, இரண்டாவதில் 52 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஆதரவோடு கனடாவில் சேர முடிவாகி, 1949 மார்ச் 31இல் அதன் பத்தாவது மாகாணமாயிற்று. குழந்தைகளுக்கான உதவித்தொகை போன்ற நன்மைகள் உடனே வந்தன. அதை மறுக்க முடியாது. கனடாவில் அதுவரை தடைசெய்யப்பட்டிருந்த மார்கரினைத் தங்கள் தீவில் விற்கும் உரிமைக்குக்கூட இணைப்பு உடன்படிக்கையில் ஒரு பிரிவு கேட்டு வாங்கியவர்கள், தங்கள் பிழைப்புக்கே ஆதாரமான கடல் மீன்வளத்தின் நிர்வாகத்தைக் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவிடம் விட்டுவிட்டார்கள். 1992இல் காட் மீன்பிடிப்பை மத்திய அரசு நிறுத்தியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். தனித்திருந்தால் மீன் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அயல்நாட்டுக் கப்பல்கள் முன்பே வாரிச் சென்றிருந்தன. எவ்வளவு பிடிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானித்தவர்கள் வேறோர் ஊரில் இருந்தார்கள் என்பதே என் குறை.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் பகுதிகளின் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் 1956இல் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தத்தில், இப்பகுதிகளின் தனி நிர்வாக அமைப்பை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சை எடுத்தபோது, தமிழ் பேசுகிற மக்களே தமிழ்நாட்டோடு சேர மாட்டோம் என்று தெருவில் இறங்கினார்கள். மலிவான மதுவுக்காக என்று கேலி செய்வீர்கள், செய்துகொள்ளுங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென்று 7 டி.எம்.சி. ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. நன்னிலமும் தரங்கம்பாடியும் எங்களைப் போலவே கடைமடைதான், ஆனால் அவற்றின் பெயருக்கு அந்தத் தீர்ப்பில் தனிப் பங்கு கிடையாது. அந்த 7 டி.எம்.சி.யும் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் எங்களுக்கு வந்து சேர வேண்டும் என்பது வேறு கதை.

ஆகவே நான் மால்டோவாக்காரனாக இருந்தால் இப்போதைக்கு இணைப்பை எதிர்த்தே வாக்களிப்பேன். ருமேனியா 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. மால்டோவாவும் அதில் சேர்ந்துவிட்டால் எல்லையும் சுங்கமும் பெரும்பாலும் கரைந்துவிடும், தனி இருக்கையும் கைவசம் இருக்கும். அந்த ஒன்றியத்தில் சேர்வது பற்றிய 2024 வாக்கெடுப்பே 50 சதவீதத்தை மயிரிழையில்தான் தாண்டியது என்னும்போது, நாட்டையே கலைக்கும் கேள்வியை அந்த மக்கள்முன் வைப்பது விவேகமாகத் தோன்றவில்லை. ரஷ்யாவின் அச்சுறுத்தல் முற்றி, நேட்டோவில் இருக்கும் ருமேனியாவின் நிழல் தேவைப்பட்டால் இந்தக் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி. மால்டோவா தன் தனிநாட்டு நிலையை இழந்தால் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையை அதன் தெற்கிலுள்ள ககாவுஸ் மக்களுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. ருமேனிய மொழி பேசுகிறவர்கள் மொழியின் பெயரால் சேரலாம் என்றால், துருக்கிய இன மொழி பேசும் அவர்கள் அதே மொழியின் பெயரால் பிரிந்துபோவதை நீங்கள் ஏற்பீர்களா? அடுத்த கடிதத்தில் இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

அன்புடன்,
இராமலிங்கம்