ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து அண்ணனுக்கும், கைகொடுத்த எல்லாருக்கும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளத்தைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. செடிகளையும் பூச்சிகளையும் படமெடுத்துப் பதிவுசெய்யும் எங்கள் தன்னார்வக் குழுவின் அறைக்குள் தண்ணீர் எதுவரை ஏறியது, படங்களிலும் குறிப்பேடுகளிலும் எதெல்லாம் போனது என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் எங்களோடு சேற்றில் நின்றவர்கள்தானே. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. முதல் வேலையாக நன்றி சொல்ல உட்கார்ந்துவிட்டேன்.

சேறு வழித்தவர்கள், வேளை தவறாமல் சோறு அனுப்பிய ஆன்ட்டிமார்கள், ஈரக் குறிப்பேடுகளைத் தாள் தாளாகப் பிரித்துக் காற்றாடிக்கு அடியில் காயவைத்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை மீட்டுத் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்த கணினிக் கடைத் தம்பி, பழைய படங்களைக் கைப்பேசியில் தேடித் தேடி அனுப்பியவர்கள்... நீங்கள் இல்லாவிட்டால் இந்த வேலையை அப்படியே விட்டிருப்போம்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில் புல் வெட்டும் அண்ணன் அவர். பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். வெள்ளம் வடிந்ததும் கரையைச் சுத்தமாக வெட்டச் சொல்லிவிட்டார்கள். நான் போன அன்று கரை மொட்டையாகக் கிடந்தது. நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் செடிகள் நின்றன. நான்கு மூலையிலும் குச்சி நட்டு, சிவப்பு ராஃபியா கயிறு கட்டியிருந்தது. உள்ளே தேள்கொடுக்குச் செடிகள். இலையெல்லாம் சேறு அப்பியிருந்தாலும் நுனியில் சுருண்ட பூங்கொத்து புதிதாக இருந்தது, அதன் முதுகில் இரண்டு வரிசையாகப் பொடிப்பூக்கள்.

"அன்னிக்குக் குனிஞ்சு குனிஞ்சு படம் புடிச்சீங்களே, இந்தச் செடிதானே தங்கச்சி? உங்க படமெல்லாம் தண்ணியில போச்சுன்னு தண்ணீர்மலைக் கோயில்ல பேசிக்கிட்டாங்க. அதான் விட்டு வச்சேன். மருந்தும் அடிக்கல. மண்டோர் (மேற்பார்வையாளர்) கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார் அண்ணன்.

எனக்குப் பேச்சே வரவில்லை.

வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்கள் இந்தச் செடியின் வாடிய தண்டைத் தேடி வரும். அதிலுள்ள நச்சுச் சத்தை உறிஞ்சித்தான் பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்கிக்கொள்ளும். புல்லோடு புல்லாக வெட்டுப்படும் செடிதான், ஆனால் இதை நம்பி வருகிற உயிர்கள் உண்டு. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "காய்ஞ்ச குச்சியில பூச்சி மொய்க்கும், பாத்திருக்கேன்" என்றார் சர்வ சாதாரணமாக.

போன பதிவுகள் போனவைதான். ஒரு பதிவுக்கு உயிரே அதன் தேதியும் இடமும். சென்ற ஆண்டு இந்தச் செடியில் என்ன உட்கார்ந்திருந்தது என்பதை இனி யாரும் படமெடுக்க முடியாது. அதை நினைத்து இன்னமும் வலிக்கிறது. பினாங்கின் கொடிமலைக்கு 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பக அங்கீகாரம் கொடுத்தது. அந்தக் காட்டைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். ஆற்றோரப் புல்லைத் தேடி யார் வருவார்? நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான் என்று நினைத்திருந்தேன். தினமும் அங்கே நிற்கிற ஒருவர் நமக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உடும்பு எந்தப் பாறையில் வெயில் காயும், மீன்கொத்தி கரையில் எங்கே பொந்து குடைந்திருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

அன்று எடுத்த படத்தை, உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினேன். முகம் தெரியாத ஒருவர் அது தேள்கொடுக்குதான் என்று உறுதிசெய்தார், பதிவு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தத்தக்க 'ஆய்வுத் தர'த்துக்கு ஏறிவிட்டது. அவருக்கும் நன்றி. "புல் வெட்டும் அண்ணன் காப்பாற்றிய செடி" என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

இனி எடுக்கும் படங்களை அன்றிரவே ஏற்றிவிடுவோம், இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வைப்போம். மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு அண்ணனிடம் போய், அவர் கண்டதையெல்லாம் கேட்டு எழுதுவோம். இது அவருக்கு நான் கொடுத்த வாக்கு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தக் கரையில் நடக்கப் போகிறவர்கள் தயவுசெய்து கயிற்றை அவிழ்க்காதீர்கள். செடி பூத்துக் காய்த்து விதை விழும்வரை இருக்கட்டும்.