பாரிசவாதத்திற்குப் பிந்திய முதல் வாரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதத்தின் (ஸ்ட்ரோக்) அறிகுறிகளையும், அவை தென்பட்டவுடன் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டிய அவசியத்தையும் விளக்கித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரை மலையக வாசகர்களுக்கு மிகவும் பயனுள்ளது. ஆயினும் உயிர் தப்பியவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்யவேண்டியவை அதில் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டன. தோட்ட வைத்திய உதவியாளராக நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், எங்கள் மக்களில் பலர் நிரந்தரமாகப் படுக்கையில் விழுவதற்கு நோயோடு அந்த முதல் வாரங்களும் காரணமாகின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருபவரிடம் மாத்திரைகளும் அடுத்த கிளினிக் திகதி எழுதிய அட்டையும் இருக்கும். விழுந்துபோன கையையும் காலையும் என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரியாது. "முடியாத ஆள அசைக்காதீங்க" என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, பிள்ளைகளும் பாசத்தினால் சோற்றை ஊட்டி, முகத்தைத் துடைத்து, அவரைப் படுத்த படுக்கையாகவே வைத்துவிடுகிறார்கள். அசையாத உடலில் சில நாட்களிலேயே தசை மெலியத் தொடங்குகிறது. படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, கால் நாளத்தில் இரத்தம் உறைதல், முழங்கையும் விரல்களும் மடங்கி இறுகிப்போதல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சேதமடைந்த பகுதியின் வேலையை மூளையின் பிற பகுதிகள் பழகிக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளாலேயே. அந்த மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்கிறது. அப்படியிருக்க, அந்த மாதங்களை எண்ணெய் தேய்ப்பதில் மட்டுமே கழித்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

விரைவாகத் தொடங்குவதற்கும் ஓர் அளவு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே அதிக தடவைகளும் அதிக நேரமும் எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களில் 46 சதவீதத்தினரும், வழமையான பராமரிப்பைப் பெற்றவர்களில் 50 சதவீதத்தினரும் மூன்று மாதங்களின் பின் நல்ல நிலையில் இருந்தார்கள். இதைக் காட்டி ஆளைப் படுக்கவைக்க இடமில்லை. ஏனெனில் வழமையான பராமரிப்பைப் பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டவர்கள்தான். நீண்ட நேரம் ஒரேயடியாகச் செய்வதைவிடக் கொஞ்ச நேரமாகப் பல தடவை செய்வதே நல்லது என்பதை அதே ஆய்வின் பிந்திய பகுப்பாய்வு சுட்டிக்காட்டியது. எனவே முதல் நாட்களின் அளவை வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் தீர்மானிக்கட்டும். வீடு வந்தபின் பயிற்சி ஒருநாளும் நின்றுவிடக்கூடாது.

வீட்டில் செய்யவேண்டியவை கடினமானவையல்ல. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுதல், பாதங்கள் தரையில் படும்படி கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தல், ஒருவர் பக்கத்தில் நிற்கக் கதிரையிலிருந்து எழுந்து உட்காருதல், நல்ல கையால் முடியாத கையைப் பிடித்து அசைத்தல் ஆகியவற்றுக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். ஆனால் முடியாத கையைப் பிடித்திழுத்துத் தூக்கக்கூடாது. தோள்மூட்டு விலகி, அந்த வலியே பிறகு பயிற்சியைத் தடுத்துவிடும். நெஞ்சுவலி, தலைச்சுற்று, கடும் மூச்சிரைப்பு ஏற்பட்டால் உடனே நிறுத்தி வைத்திய உதவியை நாட வேண்டும்.

எங்கள் பிரதேசத்தின் சிரமம் வேறு. லயக்காம்பராவிலிருந்து (தோட்டத்து வரிசைவீட்டு அறையிலிருந்து) இஸ்தோப்புக்கு (திண்ணைக்கு) இறங்கவே படி. மலசலகூடத்துக்குப் போக மழையில் வழுக்கும் இன்னும் சில படிகள். அந்தப் படிகளை ஏறி இறங்கப் பழக்காத பயிற்சியால் தோட்டத்து மனிதருக்கு என்ன பயன்? திகன புனர்வாழ்வு வைத்தியசாலை கண்டிக்கும் அப்பால் இருக்கிறது. பக்கத்து நகரத்துக்குப் போய்வரக்கூட ஆட்டோக் கூலியோடு துணைக்குப் போகிறவரின் ஒருநாள் பெயரும் (நாட்சம்பளமும்) போய்விடும். கிழமைக்குப் பல தடவை செய்யவேண்டிய சிகிச்சையை இந்த நிலையில் யாரால் தொடர முடியும்?

ஆகவே, நோயாளியைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புமுன் வீட்டார் ஒருவரைக் கட்டிலருகே நிறுத்தி, அவர் கையாலேயே செய்யவைத்துத் தமிழில் கற்றுக்கொடுப்பதை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் கட்டாயமாக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் குறித்த நாளில் தோட்ட மருந்தகங்களுக்கு வர மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒழுங்கு செய்யலாம். நோயாளி இருக்கும் லயத்தின் படிகளுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுக்கொடுப்பது தோட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல.

தாங்களும் தகுதிவாய்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கொண்டு இப்பயிற்சிகளைப் படங்களுடன் ஒரு முழுப்பக்கத்தில் வெளியிட்டால், அதை வெட்டியெடுத்து இங்குள்ள தோட்ட மருந்தகங்களின் சுவர்களில் ஒட்டும் பொறுப்பை நானும் என்னோடு பணியாற்றிய நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர்,
பொகவந்தலாவை.