பாதியைத் திருப்பித் தரும் ஊர்

நிஷி-கசாய், டோக்கியோ
டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நீ போன் செய்தபோது ரயிலில் இருந்தேன், அதனால்தான் சரியாகப் பேசவில்லை. இங்கே ரயிலில் போன் பேசுவதில்லை. பேசினால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றில்லை. பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் நம்மைக் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், அதைத்தான் தாங்க முடியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தீபாவளிக்கு நீ ஆசை ஆசையாகக் கொடுத்தனுப்பிய முறுக்கையும் அதிரசத்தையும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அந்த வாரமே அவர் ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்து நின்றார். "உன் பண்டமும் வேண்டாம், உன் உறவும் வேண்டாம் என்று கணக்கை முடித்துவிட்டாரா?" என்று நீ கேட்டாய். இல்லை அக்கா, நேர் எதிர்.

இங்கே எதை வாங்கினாலும் பதிலுக்கு ஒன்று தர வேண்டும். ஒகாயெஷி என்பார்கள். அதற்கு அளவு உண்டு. வந்த பொருளின் மதிப்பில் ஏறக்குறைய பாதி, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு. நீ அனுப்பியது இவ்வளவு பெறும் என்று அந்த அம்மா மனதுக்குள் ஒரு விலை போட்டு, அதில் பாதிக்கு அவோமோரி ஆப்பிள் வாங்கியிருக்கிறார். ஜப்பானின் ஆப்பிளில் பாதிக்கு மேல் விளைகிற ஊர் அது. முழு மதிப்புக்குத் திருப்பித் தந்திருந்தால்தான் நீ வருத்தப்பட வேண்டும். அதற்குத்தான் "உன்னிடம் எதையும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை" என்று அர்த்தம் வரும். பாதி தந்தால் மீதிப் பாதி அவரிடம் நிற்கிறது. அது நிற்கிற வரை உறவும் நிற்கிறது.

பேராவூரணிப் பக்கம் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அப்பாவின் மொய் நோட்டை நினைத்துக்கொள். பழசு ஆயிரம், புதுசு ஐந்நூறு என்று அப்பா எழுதிவைப்பார். வாங்கியதை அப்படியே திருப்பினால் "கணக்கு முடிந்தது" என்று பொருளாகிவிடும் என்பதால்தானே மேலே கொஞ்சம் சேர்த்து வைக்கிறோம்? இவர்கள் குறைத்து வைத்து அதையே செய்கிறார்கள். நம் மொய் சுற்றிச் சுற்றி வளரும், இவர்களுடையது சுற்றிச் சுற்றித் தேயும். ஆடி மாதம் மொய் விருந்துக்கு ஆட்டை விற்றுப் பணம் புரட்டியவர்கள் நம் தெருவிலேயே உண்டு. இங்கே பரிசுக்காக யாரும் ஆட்டை விற்க வேண்டி வராது. ஆனால் பரிசு தராமல் ஒரு வருஷத்தைக் கடத்தவும் முடியாது.

இப்போது டிசம்பர், ஒசெய்போ காலம். வருஷம் முழுக்க உதவியவர்களுக்கு, மேலதிகாரிக்கு, டாக்டருக்கு, பிள்ளைகளின் வாத்தியாருக்கு நன்றியாக ஒன்று அனுப்புவார்கள். ஜூலையில் இதே போல ஓச்சூகென் என்று இன்னொரு சுற்று. டோக்கியோவின் நிஹோம்பாஷியில் மித்சுகோஷி, தகாஷிமாயா மாதிரி பழைய பெரிய கடைகளில் இதற்கென்றே தனிப் பகுதி திறக்கிறார்கள். உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து முகவரியை எழுதிக் கொடுத்தால் போதும், கடையே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பெரும்பாலும் 3,000 யென்னிலிருந்து 5,000 யென்னுக்குள். என்ன அனுப்புகிறார்கள் தெரியுமா? சமையல் எண்ணெய், பீர், காபி, கடற்பாசி, பன்றி இறைச்சி. எண்ணெய்ப் பாட்டிலைத் தங்க நகை மாதிரி பெட்டியில் படுக்கவைத்திருப்பார்கள். பழமும் உண்டு. 1834-இல் தொடங்கிய செம்பிகியா என்ற பழக்கடை அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு முலாம்பழம் 10,000 யென்னுக்கு மேல் போகும். நம் காசுக்கு ஐயாயிரத்துக்கும் மேலே. அதைச் சாப்பிட யாருக்கு மனசு வரும் என்று தெரியவில்லை.

பொருளைவிட மேலே சுற்றுகிற தாளுக்குத்தான் முறை அதிகம். நோஷி என்று ஒரு வெள்ளைத் தாள், அதன் குறுக்கே கயிறு கட்டியது போல அச்சிட்டிருக்கும். முன்காலத்தில் உலர்ந்த கடல் நத்தையின் கீற்று ஒன்றை நிஜமாகவே வைத்துக் கட்டுவார்களாம், இப்போது அதன் படம் மட்டும் மூலையில் நிற்கிறது. கயிற்று முடிச்சில்தான் விஷயம். குழந்தை பிறப்புக்கும் ஒசெய்போவுக்கும் இழுத்தால் அவிழ்கிற முடிச்சு, ஏனென்றால் இவை திரும்பத் திரும்ப வரலாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவிழாத முடிச்சு, இரண்டாம் முறை வரக்கூடாது என்பதால். கல்யாணத்துக்கு அவிழ்கிற முடிச்சைப் போட்டுக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்!

கல்யாணம் என்றதும் நினைவு வருகிறது. ஆபீஸ் தோழியின் கல்யாணத்துக்குப் போனேன். தோழமைக்கு 30,000 யென் என்பது எழுதாத விலை. இரட்டைப்படை என்றால் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று ஒற்றைப்படைதான் வைப்பார்கள். நாம் நூற்றொன்று வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள். நாலும் ஒன்பதும் ஆகவே ஆகாது, இவர்கள் மொழியில் ஒன்றில் சாவின் ஓசை, மற்றதில் துன்பத்தின் ஓசை. நோட்டு பாங்கிலிருந்து எடுத்த புத்தம் புதிதாக இருக்க வேண்டும், உங்கள் நல்ல நாளுக்காகக் காத்திருந்தேன் என்று காட்டத்தான். உறையில் வைக்கும்போது நோட்டில் உள்ள முகம் முன்பக்கம் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் புதுப் பத்தாயிரம் யென் நோட்டு வந்தது. ஷிபுசவா எய்ச்சி என்ற பெரிய தொழிலதிபரின் படம் போட்டது. அவருக்கு மனைவியைத் தவிர வேறு பெண்களோடும் உறவு இருந்தது ஊரறிந்த கதை. அதனால் கல்யாண உறைக்கு அவர் வேண்டாம், பழைய நோட்டில் இருக்கும் ஃபுகுசவா யுகிச்சியே போதும் என்று சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதி வாங்குகிறார்கள், ஆனால் மைக்கில் தொகையைப் படிப்பதில்லை. பெரியப்பா வந்தால் சப்பென்று இருக்கிறது என்பார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது விருந்தாளிகளுக்கும் ஒரு பை கொடுக்கிறார்கள். அதில் பாம்குஹென் என்ற கேக் இருந்தது. வெட்டினால் மரத்தின் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும், ஆயுசுக்கு நல்லது என்று கல்யாணத்தில் தருகிறார்கள். இது ஜெர்மன் பண்டம். முதல் உலகப் போரில் பிடிபட்டு வந்த கார்ல் யூஹைம் என்ற ஜெர்மன் கைதி 1919-இல் ஹிரோஷிமாவின் பொருட்காட்சிக் கட்டடத்தில் இதைச் சுட்டு விற்றார். அணுகுண்டு விழுந்த பிறகு கூடு மட்டும் நின்றதே, படத்தில் பார்த்திருப்பாயே, அந்தக் கட்டடம்தான் அது. இதை எனக்குச் சொன்னவர் மேசையில் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் மாமா. கேக்கை வாயில் வைத்தபடியே சொன்னார்.

சாவு வீட்டில் எல்லாமே தலைகீழ். பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் போன குளிர்காலத்தில் தவறிப்போனார் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் போயிருந்தேன். அங்கே புது நோட்டு வைக்கக்கூடாது. வைத்தால் சாவுக்குத் தயாராக இருந்ததாக ஆகிவிடும். பழைய நோட்டு இல்லையென்றால் புதியதை ஒருமுறை மடித்துவிட்டு வைக்கலாம். உறையின் மேல் பெயரைக் கறுப்பு மையில் எழுதாமல் நீர்த்துப்போன சாம்பல் மையில் எழுதுகிறார்கள், கண்ணீர் விழுந்து மை கரைந்தது என்ற கணக்கில். கடையில் அதற்கென்றே பேனா விற்கிறது. திரும்பும்போது ஒரு சின்னப் பொட்டலம் உப்பு தந்தார்கள், வீட்டு வாசலில் மேலே தூவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். நாம் தலைமுழுகுவதை இவர்கள் ஒரு சிட்டிகையில் முடித்துக்கொள்கிறார்கள்.

எரித்த பிறகு நடப்பதை அந்த அம்மா ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். குடும்பத்தார் சுற்றி நின்று, குச்சிகளால் இருவர் இருவராகச் சேர்ந்து எலும்புகளை எடுத்துக் கலயத்தில் வைக்கிறார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள், போனவர் கலயத்துக்குள் நேராக இருக்க வேண்டும் என்று. அதனால்தான் சாப்பிடும்போது ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றக்கூடாது. சோற்றில் குச்சியை நட்டுவைக்கவும் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கிற சோறு. இதை அம்மாவுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தன் தட்டில் இருப்பதை எடுத்து நம் தட்டில் வைக்காமல் அவளால் ஒரு வேளை சாப்பிட முடியாது.

நாற்பத்தொன்பது நாள் காரியம் முடிந்ததும் நான் வைத்த பணத்துக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டி ஒன்று வந்தது. அதிலும் பாதிக் கணக்குத்தான். துக்கத்தில் இருக்கிறவர் இதையெல்லாம் கணக்குப் பார்த்து அனுப்ப வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் பேசியபோது, யாருக்கு என்ன அனுப்புவது என்று உட்கார்ந்து பட்டியல் போட்ட நாட்கள்தான் தன்னை எழுந்து நடமாட வைத்தன என்றார். இந்த மாதம் அவரிடமிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தபால் அட்டை வந்தது, துக்க வருஷம் என்பதால் புத்தாண்டு வாழ்த்து அனுப்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். ஆனாலும் தபாலில்தான் வந்தது.

எனக்குச் சலிப்புத் தருவது ஆபீஸ் பலகாரம்தான். ஊருக்குப் போய்வந்தால் எல்லாருக்கும் ஏதாவது வாங்கி வர வேண்டும். ஹொக்கைடோ போனால் ஷிரோய் கொய்பிதோ பிஸ்கட், கியோட்டோ என்றால் யாத்சுஹாஷி, ஹிரோஷிமா என்றால் மேப்பிள் இலை வடிவப் பணியாரம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலம், பெட்டியின் மேலே எத்தனை உள்ளே என்று எழுதியிருக்கும், ஆள் எண்ணிக்கைக்குச் சரியாக வாங்கிக்கொள்ளலாம். விடுப்பு எடுத்ததற்கு அபராதம் கட்டுகிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. காதலர் தினத்தில் பெண்கள் ஆபீஸ் ஆண்களுக்கெல்லாம் கடமைக்குச் சாக்லெட் கொடுக்கும் வழக்கமும் உண்டு. மார்ச் 14-இல் அவர்கள் பதில் தர வேண்டும். 2018-இல் கொடைவா என்ற சாக்லெட் கம்பெனியே பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, கடமைச் சாக்லெட்டை நிறுத்துங்கள் என்றது. விற்கிறவனே வேண்டாம் என்று சொன்னால் எவ்வளவு முற்றியிருக்கும் பார். இப்போது குறைந்துவிட்டது. புத்தாண்டு அட்டையும் அப்படித்தான். 2024 அக்டோபரில் தபால் அட்டை 63 யென்னிலிருந்து 85 ஆனதும், "இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று மரியாதையாக அட்டை போட்டு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். இந்த முறைகளெல்லாம் இங்குள்ள இளைஞர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. எந்த முடிச்சு, எத்தனை யென் என்று போனில் தேடித்தான் பார்க்கிறார்கள். அதனால் வெளியாள் என்று நான் கூச்சப்படுவதை விட்டுவிட்டேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் அம்மாவும் அப்பாவும் வரும்போது பக்கத்து வீட்டுக்கு என்ன கொண்டுவரலாம் என்று கேட்டாயே. பட்டுப்புடவை வேண்டவே வேண்டாம். அதற்குப் பாதி தேடி அந்த அம்மா திண்டாடிப்போவார். நல்ல கைத்தறித் துண்டு இரண்டு, அல்லது கடலை மிட்டாய், தனித்தனியாகத் தாள் சுற்றியது. நெய் கசிகிற லட்டு வேண்டாம். தேயிலையும் வேண்டாம், துக்கக் காரியத்துக்கு அந்த வீட்டிலிருந்து வந்தது அதுதான். கத்தி, கத்தரிக்கோல் ஆகாது, உறவை வெட்டுமாம். பையோடு நீட்டாமல் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அவர் உடனே பிரித்துப் பார்க்கவில்லை என்றால் அப்பா முகம் சுளிக்கக் கூடாது, நாம் போன பிறகுதான் பிரிப்பார். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடக் கூடாது. அப்பாவுக்கு ஓட்டையில்லாத காலுறை நாலைந்து ஜோடி வாங்கி வை. வேட்டிதான் கட்டுவேன் என்றால் கட்டிக்கொள்ளட்டும், அதற்கு இங்கே எந்த விதியும் இல்லை.

பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாங்காய் எதுவும் வைக்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஆட்டு உப்புக்கண்டமும் கூடாது. கருவாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் அம்மா அதை என் அடுப்பில் வறுத்தால், மாடியில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டு நான் பிஸ்கட் பெட்டி கொடுக்க வேண்டிவரும், அவர்கள் ஒவ்வொருவரும் பாதிக்குப் பதில் அனுப்புவார்கள், அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்குப் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன், அதற்குப் பதில் ஒன்றும் அனுப்பாதே.

உன் அன்புத் தங்கை