காந்தாரத்தில்தான் சிக்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியப் பழைய இசையைப் பொழுதுபோக்காக வாசிப்பவர்களைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரைக்கு நன்றி. ஆனால் ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் ஐரோப்பியக் குழல்) எளிய கருவி, வாங்கிய வாரமே குழுவில் சேர்ந்துவிடலாம் என்று அதில் சொன்னது புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஊதினால் ஒலி வரும், வாஸ்தவம். நான்கு பேர் சேர்ந்து ஊதும்போது சுதி சேர்வதுதான் பாடு. சேரவில்லை என்றதும் தமக்குக் காது இல்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் காதில் இல்லை.

வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள். முன்பக்கத் துளைகளில் மேலிருந்து ஐந்தாவது, நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால் அது ‘ஜெர்மன்’ விரலமைப்பு. 1920களில் பேட்டர் ஹார்லன் என்ற ஜெர்மன் கருவி செய்பவர் கொண்டுவந்தது. கீழ் ஸ்வரத்தை ஷட்ஜமமாக வைத்தால் சுத்த மத்தியமம் இதில் சுலபமாக விழும். பிரதி மத்தியமம் சேரவே சேராது. வேண்டாம். ‘பரோக்’ விரலமைப்பு உள்ள பிளாஸ்டிக் கருவியே போதும்.

ரெக்கார்டர் வகைகளில் சொப்ரானோவும் டெனரும் 1 கட்டை, ஆல்டோவும் பேஸும் 4 கட்டை. ஆனால் அந்தக் கட்டையை எந்த அளவில் வைப்பது? இன்று 6 கட்டை என்றால் 440 ஹெர்ட்ஸ். பரோக் (ஏறத்தாழ 1600–1750) இசைக்குப் பலர் 415 வைத்துக்கொள்கிறார்கள். அது அரைக் கட்டை கீழே. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் இசைக்கு 466 வைப்பவர்களும் உண்டு. அது அரைக் கட்டை மேலே. எதில் வாசிக்கிறார்கள் என்று கேட்காமல் போனால் அன்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது சூடு. உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரம் 100 சென்ட்). குளிர்ந்த தேவாலயத்தில் பையிலிருந்து எடுத்த கையோடு சுதி சேர்த்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும். முதலில் 10, 15 நிமிடம் தலைப்பகுதியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த கருவியில் மூச்சின் ஈரம் காற்றுப் பாதையில் துளியாகப் படிந்து ஒலி கம்மிப்போகும். சூடானால் அதுவும் குறையும். அப்படியும் அடைத்தால் வாயிலிருந்து எடுக்காமல் ஒருமுறை உள்ளிழுங்கள். ஒலி பிறக்கும் கூர்விளிம்பை மட்டும் விரலால் தொடவே கூடாது. புது மரக் கருவி என்றால் முதல் வாரம் ஒரு நாளைக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள், விரிசல் விடும்.

இவ்வளவும் செய்த பிறகும், பாட்டின் முடிவில் எல்லோரும் சேர்ந்து பிடிக்கும் ஸ்வரக்கூட்டு உறுத்துகிறதா? அங்கேதான் காந்தாரம் வருகிறது. தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால் தானாக ஒரு அந்தர காந்தாரம் கேட்குமே, இந்த இசைக்கு வேண்டியது அதுதான். அது ஷட்ஜமத்திலிருந்து 386 சென்ட். கைபேசியில் இருக்கும் சுதி காட்டும் செயலியோ பியானோக் கணக்கில் 400 காட்டும். செயலியில் பச்சை விளக்கு எரிந்தாலும் குழுவில் அது 14 சென்ட் கூடுதல்தான். பேஸும் டெனரும் ஷட்ஜமம், பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். காந்தாரம் வைத்திருப்பவர் கடைசியாகச் சேர்ந்து, ஒலிகள் மோதி எழும் அதிர்வு அடங்கும்வரை சுதியில் இறங்கி வரட்டும். மூச்சைக் குறைத்தால் ஒலியும் மங்கும். அதைவிட, கீழே திறந்திருக்கும் துளையின் ஓரத்தை விரலால் லேசாக மறைப்பது மேல். 1551இல் ஆன்ட்வெர்ப்பில் சுசாட்டோ அச்சிட்ட நான்கு குரல் நடனங்கள் இந்தப் பயிற்சிக்கு நல்ல இடம்.

1919இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பழைய ரெக்கார்டர் ஒன்று தொலைந்துபோனதால்தான், பழைய இசைக் கருவிகளைச் செய்துவந்த ஆர்னால்ட் டோல்மெட்ச் ரெக்கார்டர்களைப் புதிதாகச் செய்யத் தொடங்கினார். அவர் மகன் கார்லும் எட்கர் ஹன்ட்டும் 1937இல் தொடங்கிய ரெக்கார்டர் வாசிப்போர் சங்கத்தின் கிளைகள் இன்று பிரிட்டனில் ஊர் ஊராக இருக்கின்றன. புதியவர்கள் அங்கே போகலாம்.

கச்சேரி கேட்கவும் போங்கள். லண்டன் விக்மோர் ஹாலிலோ, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பழைய இசை விழாவிலோ வாசிக்காமல் காத்திருப்பவரின் கையைக் கவனியுங்கள். கருவி மடியில் இருக்காது, கக்கத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
ரெக்கார்டர் குழு வாசகர்,
லண்டன்.