மானியம் தரும் அறவாரியங்களுக்கு: எங்கள் வியாழக்கிழமைகளுக்கும் பணம் கொடுங்கள்

வணக்கம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கலைக்கும் பண்பாட்டுக்கும் மானியம் கொடுக்கும் அறவாரியங்கள், கம்பெனிகளின் சமூகநலப் பிரிவுகள், வருகிற மனுக்களைப் படித்து இது சரி, இது வேண்டாம் என்று முடிவெடுக்கும் குழுவினர், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எந்த ஒரு அறவாரியத்தின் மேலும் எனக்குத் தனிக் கோபம் இல்லை, அதனால் எங்கள் மனுவைப் பார்த்தவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் நான்கு வருடமாக மனுப் போட்டு, ஒரு தடவை கிடைத்து, மூன்று தடவை கிடைக்காமல் போனதில் மனதில் சேர்ந்து கிடப்பதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று படுகிறது.

நான் பிறந்த தோட்டத்தில் கித்தா, அதாவது ரப்பர், இருந்த காலத்தில் மாசி மாதம் என்றால் காமன் கூத்து. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று கோயில் திடலில் காமன் நடுவார்கள், பௌர்ணமி இரவு எரிப்பார்கள், நடுவில் இருக்கும் நாட்களெல்லாம் பாட்டும் வேடமும்தான். சிவன் எரித்ததில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்து லாவணி என்கிற எதிர்ப்பாட்டிலேயே வாதாடுவார்கள். விடியுமுன் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய ஆட்கள் நடுச்சாமம் தாண்டியும் எழுந்து போகாமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பிறகு கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், நாங்கள் குடியிருந்த லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின, தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தோம். சாமியைக்கூட எடுத்து வந்து பட்டணத்தில் ஒரு கொட்டகை போட்டு வைத்துவிட்டோம். கூத்தை அப்படி எடுத்துவர முடியவில்லை, ஏனென்றால் அதற்குத் தேவை திடல் மட்டுமில்லை, இரண்டு வாரம் தினமும் ஒன்றுகூடும் ஒரு சனம்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். வாரா வாரம் வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்குக் கோயில் மண்டபத்தின் பின்னால், பாத்திரங்கள் அடுக்கி வைக்கும் இடத்தை ஒதுக்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தப்பு என்கிற பறையும் கூத்துப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். பதினோரு பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் உறுமி மேளம் கற்றுக்கொள்ளத்தான் வந்தார்கள், தைப்பூசத்தில் அடிக்க வேண்டும் என்று ஆசை. அப்புறம் வாத்தியார் தப்பைக் கையில் கொடுத்து, அந்த அடி பிடிபட்டதும் போகாமல் இருந்துவிட்டார்கள். வாத்தியாருக்கு எழுபத்து நான்கு வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். பதினான்கு வயதில் ரதி வேடம் கட்டத் தொடங்கி பத்தொன்பது வருடம் அதையே கட்டியவர். அவரிடம் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருக்கிறது, அட்டை போய்விட்டது, ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, உள்ளே அவருடைய அப்பா பென்சிலில் எழுதிய பாட்டுகள். பாடும்போது அதைத் திறக்கவே மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் விரலால் தாளம் தட்டுவார், பிள்ளைகள் அந்த விரலைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள்.

கிடைத்த அந்த ஒரு மானியத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதினைந்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்). கையில் கடிதம் வந்த அன்று நான் அழுதேன், பொய்யில்லை. ஆனால் நிபந்தனைப்படி அது ஒரே இரவு நிகழ்ச்சிக்கான பணம். மண்டப வாடகை, மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, பதாகை, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ சட்டை, பிரமுகர்களுக்குச் சாப்பாடு. வாத்தியாருக்குப் போனது ஐந்நூறு வெள்ளி. பாதிப் பணம் முன்னால், மீதி அறிக்கை கொடுத்த பிறகு என்றார்கள். ஒலிபெருக்கிக்காரரும் சமையல்காரரும் அறிக்கை முடியும்வரை பொறுப்பார்களா, என் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்துத்தான் கொடுத்தேன். மீதி வந்துசேர ஏழு மாதம் ஆனது. நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது, முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள், படங்கள் அழகாக இருந்தன, உங்களைப் போன்றவர்களின் ஆண்டறிக்கையில் அவை வந்திருக்கும். அடுத்த வியாழக்கிழமை போனால் பயிற்சி நடக்கும் இடத்தில் பல்பு எரியவில்லை. வாங்கிப் போட எங்கள் கணக்கில் பணமில்லை. ஒரு பிள்ளை கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் அடித்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் நிகழ்ச்சிக்குப் பணம் தருகிறீர்கள், பயிற்சிக்குத் தருவதில்லை. கலை இருப்பதோ பயிற்சியில்தான். அடுத்த தடவை மனுப் போட்டபோது, சரி, இந்த முறை மேடை வேண்டாம், வாத்தியாருக்கு மாதம் நானூறு வெள்ளி, மின்சாரத்துக்கு ஐம்பது, தோலுக்கும் குச்சிக்கும் கொஞ்சம், தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பெட்ரோல் காசு, ஆக ஒரு வருடத்துக்கு ஒன்பதாயிரம் கேட்டோம். முன்பு கொடுத்ததைவிடக் குறைவு. பதில் என்ன வந்தது தெரியுமா? வாத்தியாரின் தொகை நிர்வாகச் செலவில் வருகிறது, நிர்வாகச் செலவுக்கு அனுமதி இல்லை. நாற்காலியும் மேசையும் நிர்வாகம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். பாட்டு இருப்பதே அவருடைய தொண்டையில்தான், அவரை எப்படி அந்தக் கணக்கில் வைப்பது?

மனுப் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இசை, நடனம், நாடகம், இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. கூத்து மூன்றும்தான். எந்தப் பொருள் வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டுக் கொட்டேஷன் இணைக்க வேண்டும் என்கிறது. ஒலிபெருக்கிக்கு அது நியாயம், பொதுப்பணம், யாரும் ஏமாற்றிவிடக் கூடாது. ஆனால் மரச்சட்டத்தில் தோலை இழுத்து, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையில் ஒட்டி, பழைய முறையில் தப்பு கட்டிக்கொடுக்க எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரும் ஈப்போ பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார், அவருக்கு ரசீதுப் புத்தகமே கிடையாது. மற்ற இரண்டு கொட்டேஷனை நான் யாரிடம் வாங்குவது? கடையில் பிளாஸ்டிக் தோல் போட்டது கிடைக்கும், கொட்டேஷனும் கிடைக்கும், நெருப்பில் காய்ச்சவும் வேண்டாம். பிள்ளைகள் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்து, அந்தக் கணீர் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிளாஸ்டிக்கில் அது போய்விடும்.

மனுவை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும் என்பதும் அப்படித்தான். நான் தொழிற்சாலையில் கிராணி வேலை பார்க்கிறேன், எனக்கு எழுத வரும். வாத்தியார் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். காமன் கூத்தின் கதையை அவர் ஒரு மணி நேரம் சொன்னார், நான் அதை இருநூறு சொல்லில் மலாயில் எழுதி அனுப்பினேன், திரும்பப் படித்துப் பார்த்தால் அதில் அவர் சொன்னது ஒன்றுமே இல்லை.

பணம் கொடுப்பது எப்படி என்று தோட்டத்துச் சனத்துக்குத் தெரியும், அதையும் சொல்லிக்கொள்கிறேன். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு பத்திரிகையின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத தோட்டத் தொழிலாளர்கள் ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இந்த இரண்டிலும் பணம் போனது நின்று நிலைக்க வேண்டியவற்றுக்கு, ஒன்றில் படிப்பு, ஒன்றில் நிலம். அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள் இன்று மாதம் நானூறு வெள்ளிக்கு மனு எழுதுகிறோம். ஊரில் வசதியானவர்களிடமும் கேட்காமல் இல்லை. வரி விலக்கு ரசீது இருக்கிறதா என்கிறார்கள். அது வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் கொடுக்க முடியும். சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும், நாங்கள் பதிந்துவிட்டோம், வருடா வருடம் கணக்கும் காட்டுகிறோம், ஆனால் அந்த அங்கீகாரம் வாங்கும் வழி எங்களைப் போன்ற பதினோரு பிள்ளை சங்கத்துக்கு மலை ஏறுகிற மாதிரி. பெரிய அறவாரியங்களான உங்களில் யாராவது எங்களுக்குக் குடையாக நின்று, நன்கொடையை உங்கள் கணக்கில் வாங்கி எங்களிடம் சேர்க்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பணமே தராவிட்டாலும் இது பெரிய உதவி.

முன்பைவிட இப்போது வழிகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2005இல் வந்த தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடம் மட்டுமல்ல, பாட்டும் ஆட்டமும்கூட மரபுதான் என்கிறது. அதே வருடம் மாக் யோங் என்ற மலாய் ஆட்ட நாடகத்தை யுனெஸ்கோ உலகறியச் செய்தது. கிளந்தானில் 1991இல் அதற்குத் தடை போட்டார்கள், 2019இல்தான் நிபந்தனையோடு தளர்த்தினார்கள், அப்படியும் அது அழியாமல் இருந்தது என்றால் கிராமத்தில் விடாமல் சொல்லிக்கொடுத்தவர்களால்தான். 2017இல் கலைகளுக்கான நிறுவனம் செண்டானா வந்தது, 2018இல் இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவு மித்ரா வந்தது. கலைக்கென்று கேட்க நான்கு கதவாவது இருக்கிறது. என் அம்மா காலத்தில் தோட்டத் துரையின் ஆபீஸ் கதவு ஒன்றுதான்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனமில்லை. எங்கள் லயத்தில் ஒப்பாரி வைப்பவர். சாவு வீட்டுக்கு அவர் வந்து உட்கார்ந்தால்தான் மற்றவர்களுக்கு அழுகையே வரும். செத்தவர் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார், எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் வெட்டினார், எந்தப் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார், எல்லாம் அந்தப் பாட்டில் வரும். யாரும் எழுதி வைக்காத எங்கள் தோட்டத்தின் சரித்திரம் அது. காமன் எரிந்த பிறகு ரதி அழும் பாட்டை வாத்தியாருக்குத் திருத்திக்கொடுத்ததே அவர்தானாம். அவரைப் பதிவுசெய்ய வேண்டும், நல்ல ஒலிவாங்கி, இரண்டு நாள், ஒரு ஆள் கூலி, இதற்குத்தான் எங்கள் மூன்றாவது மனு. பங்கேற்பாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். பயனடைவோர் போதாது என்று திரும்பி வந்தது. ஐந்து மாதம் கழித்துப் பாட்டி இறந்துபோனார். என் கைப்பேசியில் பதினோரு நிமிடம் இருக்கிறது, நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது, அந்த இடத்தில் இரண்டு வரி காதில் விழவில்லை. அவருடைய சாவுக்கு ஒப்பாரி வைக்க யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பதினோரு நிமிடத்தைத்தான் போட்டோம்.

அதனால் கேட்கிறேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எங்களிடம் படிவம் மூன்று படிக்கும் ஒரு பையன் ரதி வேடத்துக்குத் தயாராகிறான், பள்ளியில் கேலி செய்கிறார்கள், அதையும் தாங்கிக்கொண்டு வருகிறான். அவன் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை முடிப்பதற்குள் வாத்தியார் அவனிடம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட வேண்டும். ஒரு இரவு மேடையில் அது நடக்காது. சொல்லிக்கொடுப்பவரின் சம்பளத்தை முதல் செலவாக வையுங்கள். தமிழில் மனு வாங்குங்கள், எழுத வராதவர்களின் குரலைப் பதிவாக வாங்குங்கள், கேட்டுப் புரிந்துகொள்ள உங்கள் குழுவில் ஒரு ஆளை வையுங்கள். கணக்கு கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள், ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, எத்தனை பிள்ளைகளுக்கு இப்போது எத்தனை பாட்டு முழுதாகத் தெரியும் என்றும் கேளுங்கள். நான் எண்ணிச் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு ஒன்பது, இரண்டு பேருக்கு ஆறு, மற்றவர்களுக்கு மூன்றோ நான்கோ.

வரும் மாசியில் காமன் நடுவதற்குக் கோயில் தலைவர் திடலின் ஒரு மூலையைக் கொடுத்திருக்கிறார். மானியம் வந்தாலும் வராவிட்டாலும் நடுகிறோம். அதற்கு ஆமணக்குக் கொம்பு வேண்டும், தோட்டத்தில் வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும், இங்கே எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் எங்கிருந்தோ விதை வாங்கி வந்து மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் போட்டார்கள். மூன்று முளைத்தது, ஒன்றை ஆடு கடித்துவிட்டது, மற்ற இரண்டும் இப்போது என் இடுப்பு உயரம் இருக்கின்றன.